கறிகாய் கழுவுதல்

மதுரைக்கு வடகிழக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்கோவிலுக்குச் சென்ற ஆண்டு விடுமுறையொன்றில் யாம் நண்பர் பதின்மராகச் சென்றிருந்தோம். மலைமேல் இராக்காயி அம்மன் கோயிலருகே நூபுர கங்கை என்னும் சிலம்பாறு வீழ்கின்றது. அத்தலத்தார் நீருக்கு நீர் உள்ள வேற்றுமையை நெடுங்காலமாகப் போற்றி வந்தவர். உற்சவப் பெருமாளுக்குத் திருமஞ்சனம் அந்நீர் கொண்டே நடைபெறுகின்றது. பெயர்பெற்ற அழகர்கோவில் தோசைக்கும் அந்நீரே உரியது. யாமும் அந்நீரைக் குடங்களில் முகந்து, அடிவாரம் வரையிற் சுமந்து வந்து, மரநிழலொன்றிற் சமையலைத் தொடங்கினோம்.

பிழை அங்கேதான் நேர்ந்தது. தோள் நோவச் சுமந்த நீராதலின் அதனைச் செலவிட எமக்கு மனம் வரவில்லை. அகன்ற பாத்திரமொன்றில் இரண்டு படி நீர் ஊற்றி, வேரும் மண்ணுமாக இருந்த கொத்துமல்லிக் கட்டை முதலில் முக்கியெடுத்தோம். அதே நீரில் கீரை. அதே நீரில் தக்காளி. எல்லாவற்றுக்கும் கடைசியில், நீர் காப்பியின் நிறங்கொண்ட பின்னர், வெள்ளரிப்பிஞ்சு. கீரையும் தக்காளியும் அடுப்பேறின. வெள்ளரிப்பிஞ்சும் கொத்துமல்லியுமோ தயிரிற் கலந்து பச்சடியாயின. மறுநாள் இரவு, பச்சடி உண்ட அறுவருள் நால்வர்க்கு வயிற்றுப்போக்கு உண்டாயிற்று. அதனை உண்ணாத நால்வரும் நலமாயிருந்தனர். நண்பரொருவர் மூன்று நாள் மருத்துவமனையிற் கிடந்து, எழுதவேண்டிய தேர்வொன்றையும் இழந்தார். மருத்துவர் கேட்ட முதற் கேள்வி, "பச்சையாக என்ன உண்டீர்கள்?" என்பதே. மலையினின்று கொணர்ந்த நல்ல நீரை எம் கையாலேயே சேறாக்கி, ஒரு கட்டிலிருந்த அழுக்கை மற்றெல்லாவற்றின் மேலும் பூசிவிட்டோம் என்பது அப்பொழுதே எமக்கு விளங்கிற்று. அதனைக் கழுவுதல் என்று பெயரிட்டு அழைத்தோம் என்பதுதான் வெட்கம்.

நிற்க. கறிகாய்மேல் அழுக்கு எங்ஙனம் சேர்கின்றது என்பதனைச் சிறிது நோக்குவோம். 1895-ஆம் ஆண்டில் பெரியாற்று நீர் வைகைப் பாசனத்தோடு இணைந்த பின்னர், மதுரையைச் சூழ்ந்த வெளிகளிற் பல நிலங்கள் நீர்வளம் பெற்றன. தோட்டத்திற் பிறந்த கீரை எருவிட்ட மண்ணோடு ஒட்டி வளர்கின்றது. பறித்தவர் கை, அலசிய வாய்க்கால், கட்டிய நார், ஏற்றிய வண்டி, வாடாதிருக்கச் சந்தையிலே தெளிக்கும் நீர் ஆகிய இவையனைத்தும் அதன்மேற் படுகின்றன. மதுரையில் ஒரு காலத்து ஆறாக ஓடிய கிருதுமால் இன்று நகரத்துச் சாக்கடையைத் தாங்கிச் செல்கின்றது. அத்தகைய நீர் பாயும் நிலத்திலே எந்த ஊரிற் கீரை விளைந்தாலும், கண்ணுக்குப் பசுமையாகவே தோன்றும். டைபாய்டுக் கிருமிக்கும் காலராக் கிருமிக்கும் நிறமில்லை, மணமுமில்லை.

வயிற்றுப்போக்கு சில நாளில் நீங்கும். நீங்காத துன்பமும் ஒன்று உண்டு. பன்றி நாடாப்புழு என்பது மனிதர் குடலில் வாழ்வது. அதன் முட்டைகள் மலத்தோடு வெளிப்பட்டு மண்ணை அடைகின்றன. அம்முட்டையை உண்ட பன்றியின் தசையிலே சிறு கட்டிகள் உண்டாகும்; அவ்விறைச்சியை நன்கு வேகாமல் உண்டவர் குடலிற் புழு வளரும். இம்மட்டும் பலரும் அறிவர். ஆனால் முட்டையையே மனிதர் விழுங்கினால், பன்றிக்கு நேர்வதே மனிதர்க்கும் நேர்கின்றது. கட்டிகள் மூளையிலும் உண்டாகி, வலிப்பு நோயைத் தருகின்றன. புழுவுடையார் கை, தூய்மையற்ற நீர், கழுவாத பச்சைக் கறிகாய் ஆகிய வழிகளால் அம்முட்டை நம் வாயை அடையும். ஆதலின், இறைச்சியை நாவாலும் தீண்டாத குடும்பத்தாரும் இந்நோய்க்கு ஆளாதல் உண்டு. இதனைக் கேட்டு எம் நண்பர் சிலர் நம்ப மறுத்தனர்.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் அம்மாவட்டத்தில் 50,000-க்கு மேற்பட்ட மக்களிடையே வலிப்பு நோயைப் பற்றி ஆராய்ந்து, தம் முடிவை 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வலிப்புக் கண்டோருள் ஏறக்குறைய மூன்றிலொருவர்க்கு இப்புழுவின் கட்டியே காரணம் என்பது அவர்கள் கண்டது. இது தூரதேசத்துச் செய்தியன்று. நம் நாட்டு வீதிகளிலே, நம் பள்ளிப் பிள்ளைகளிடையே காண்பது.

அம்முட்டையின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய முப்பதிலொரு பங்கு. குளோரின் கலந்த நீர் அதனை எளிதிற் கொல்லாது. நம் சமையலறை உப்பும் மஞ்சளும் கொல்லா. காலிபிளவரின் உள்ளே பதுங்கிய புழுவையும் பூச்சியையும் உப்புநீர் வெளியேற்றும் என்பது மெய். அதனாலேயே கிருமியும் ஒழிந்ததென்று எண்ணுதல் தவறு. கொல்வது வெப்பம், அகற்றுவது ஓடும் நீரும் தேய்க்கும் கையும். ஆகவே முக்கியெடுத்தல் போதாது. முதலிற் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. கீரைக்கட்டை அவிழ்த்து, வேரையும் அழுகிய இலையையும் நீக்கி, நிறைந்த நீரில் அலசி, இலையை மேலே அரித்தெடுத்து, மண் படிந்த நீரைக் கொட்டிவிடுக. இலையைப் பாத்திரத்தில் வைத்தவாறே நீரைச் சாய்த்தால் அடியில் தங்கிய மண் மீண்டும் இலைமேலேயே வந்து படியும். நீர் தெளிவாக நிற்கும்வரை புதுநீரில் இங்ஙனம் செய்து, முடிவிற் குழாய் நீரிற் காட்டுக. வெள்ளரி, காரட்டு, மாங்காய் முதலியவற்றை ஓடும் நீரிலே ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். பச்சையாக உண்பனவற்றுக்குக் கடைசியில் ஊற்றும் நீர், நாம் அஞ்சாது குடிக்கும் நீராக இருத்தல் வேண்டும்.

அரிவாள்மனையில் நறுக்கிய பின்னர்க் கழுவும் வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் இருக்கின்றது. தோலின் மேலிருந்த அழுக்கை அரிவாள் உள்ளே இழுத்துச் செல்கின்றது. நறுக்கிய வாயின் வழியே நீரிற் கரையும் உயிர்ச்சத்துக்களும் ஓடிவிடுகின்றன. பாட்டியரோடு இதுபற்றி யாம் வழக்காடித் தோற்றதுண்டு. தோலுரித்து உண்ணும் பழத்தையும் முன்னரே கழுவவேண்டும் என்பதற்கும் காரணம் அக்கத்தியே.

கழுவுதலால் எல்லாம் ஆகுமென்று சொல்லுதற்கில்லை. பயிரின் உள்ளே ஊடுருவிய பூச்சிமருந்தைக் கழுவி நீக்க இயலாது. மேலே படிந்ததில் ஒரு பகுதியே நீங்கும். 2011-ஆம் ஆண்டில் வட ஜெர்மனியிலே பச்சை வெந்தய முளையால் ஒரு கொடிய குடல்நோய் பரவி, 3,800-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஐம்பதின்மர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். எகிப்திலிருந்து வந்த வித்திலேயே கிருமி இருந்தது என்று ஆராய்ந்தோர் முடிவு செய்தனர். முளைக்கும் வித்துக்கு வேண்டிய ஈரமும் வெம்மையும் கிருமிக்கும் உகந்தனவே. மேலே ஊற்றும் நீர் உட்புகுந்த கிருமியைத் தொடாது. முளைகட்டிய பயறும் வெந்தயமும் நம் இல்லங்களிலும் உண்டாதலின், அவற்றை ஆவியில் வேகவைத்து உண்பதே தக்கதென்பது எம் கருத்து.

சிலி நாட்டுச் சாந்தியாகோ நகரத்தின் செய்தி வேறு வகையது. அந்நகரத்துச் சாக்கடை கலந்த நீரிலே பச்சையாக உண்ணும் கீரைகள் விளைந்து வந்தன. டைபாய்டும் ஆண்டுதோறும் தொடர்ந்தது. அருகிலுள்ள பெருநாட்டிற் காலரா தோன்றிய 1991-ஆம் ஆண்டில், சிலி அரசு அச்சங்கொண்டு அந்நீரை அப்பயிர்களுக்குப் பாய்ச்சுவதைத் தடுத்தது. காலரா பெருகவில்லை, அதனோடு டைபாய்டும் பெரிதும் குறைந்துவிட்டது. இல்லத்தரசி ஒருத்தி நாள்தோறும் குழாயடியில் நின்று செய்யும் வேலையுள் எத்துணைப் பங்கு உண்மையில் நகராட்சியாரும் அரசினரும் செய்யவேண்டிய வேலை என்பதனை இது காட்டுகின்றது. அவர்கள் செய்யும்வரை குழாயடி வேலை நம்முடையதே; அதனைப் பெண்டிர்க்கே விட்டுவிடுதல் முறையன்று என்பதையும் சமைக்கக் கற்ற மாணாக்கர் என்னும் முறையிற் சொல்லிக்கொள்கின்றோம்.

இவ்வாண்டும் யாம் அழகர்கோவிலுக்குச் சென்றோம். பச்சடிக்கு உரியவற்றை வீட்டுக் குழாயிலேயே கழுவித் துடைத்து, மூடியிட்ட பாத்திரத்தில் கொண்டு போயினோம். மூடியைத் திறந்த மாத்திரத்தில் குரங்கொன்று தாவி வந்து, பாத்திரத்துள் இரு கையையும் விட்டு அளைந்து, வெள்ளரிப்பிஞ்சொன்றைப் பற்றிக்கொண்டு கிளையேறியது. எஞ்சியவற்றைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றோம். பின்னர் நூபுர கங்கைக் குடத்தைச் சாய்த்து, இம்முறை சிக்கனம் பாராமல், ஒவ்வொன்றாகக் கழுவத் தொடங்கினோம்.