முகம் தெரிய வேண்டும்

குஜராத்தில் அகமதாபாத் என்ற பெரிய நகரம் இருக்கிறது. அங்கே 1972ஆம் ஆண்டு 'சேவா' என்ற பெண்கள் சங்கம் தொடங்கியது. காய்கறி விற்பவர்கள், பீடி சுற்றுபவர்கள், துணி தைப்பவர்கள் அதில் சேர்ந்தார்கள்.

1984ஆம் ஆண்டு அந்தப் பெண்கள் சிலர் வீடியோ எடுக்கக் கற்றுக் கொண்டார்கள். மூன்று வாரம் பயிற்சி நடந்தது. அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கேமராவைக் கையில் எடுத்தார்கள். மானெக் சௌக் சந்தையில் காய்கறி விற்ற பெண்களின் போராட்டத்தைப் படம் பிடித்தார்கள்.

அன்று கேமரா கனமாக இருந்தது. விலையும் அதிகம். இன்று போனிலேயே கேமரா இருக்கிறது. நாமும் வீடியோ எடுக்கலாம். அதற்கு வெளிச்சத்தைப் பற்றித் தெரிய வேண்டும். இந்தக் கதையைப் படியுங்கள்.

ஒரு நகரத்துச் சந்தை. ஓர் அம்மா 30 வருடமாக அங்கே கீரை விற்கிறார். திடீரென்று, "இங்கே உட்காராதே" என்று விரட்டினார்கள். தெருவோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி நகர விற்பனைக் குழு உண்டு. அந்தக் குழுவிடம் காட்ட, மகள் தன் அம்மா பேசுவதை வீடியோ எடுத்தாள்.

நேரம் நடுப்பகல். அம்மா தார்ப்பாய் நிழலில் இருந்தார். அவருக்குப் பின்னால் வெயில் அடிக்கும் சாலை. வீடியோவில் குரல் நன்றாகக் கேட்டது. முகமோ கரியாகத் தெரிந்தது. "பேசுவது யார்?" என்று பார்த்தவர்கள் கேட்டார்கள்.

இரவு ஒரே ஒரு பல்பின் கீழே மறுபடியும் எடுத்தாள். முகம் தெரிந்தது. ஆனால் படம் முழுவதும் புள்ளி புள்ளியாக இருந்தது. அம்மா கையில் பழைய சந்தை வரி ரசீது. அதில் இருந்த வருடத்தைப் படிக்க முடியவில்லை. அதுதானே சாட்சி!

பக்கத்துத் தெருவில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் இருந்தார். அவரிடம் போனாள்.

"அண்ணா, என் போன் கெட்டுப் போச்சா?"

"போன் நல்லாத்தான் இருக்கு, தங்கச்சி. வெளிச்சம்தான் போதலை."

அவர் சொன்ன விளக்கம் இது. முற்றத்தில் நூறு கிண்ணங்களை வையுங்கள். பெரிய மழை பெய்தால் எல்லாக் கிண்ணத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீர் இருக்கும். தூறல் போட்டால்? ஒன்றில் நான்கு சொட்டு விழும். இன்னொன்றில் ஒன்றுமே விழாது. கேமராவுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான கிண்ணங்கள் இருக்கின்றன. அவை வெளிச்சத்தைப் பிடிக்கின்றன. வெளிச்சம் குறைந்தால் ஒன்று கூடுதலாகவும் ஒன்று குறைவாகவும் பிடிக்கும். கேமரா அதைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும். ஏற்றத்தாழ்வும் சேர்ந்து பெருகும். அதுதான் புள்ளி. ரேடியோவில் சத்தத்தைக் கூட்டினால் கரகரப்பும் கூடுகிறது அல்லவா? அதைப் போல.

"அப்போ பகல்ல ஏன் முகம் கருப்பா வந்தது?"

"உன் போன் முகத்தை மட்டும் பார்க்கலை. பின்னால இருந்த வெயிலையும் பார்த்துச்சு. வெளிச்சம் அதிகம்னு நினைச்சு மொத்தப் படத்தையும் இருட்டாக்கிடுச்சு."

மறுநாள் காலை அம்மாவைச் சாலையைப் பார்த்து உட்கார வைத்தாள். தான் சாலைக்கு முதுகு காட்டி நின்றாள். சாலை வெளிச்சம் அம்மா முகத்தில் விழுந்தது. கேமராக் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்தாள். திரையில் அம்மாவின் முகத்தை விரலால் தொட்டு அழுத்திப் பிடித்தாள். அந்த முகத்துக்கு ஏற்ற வெளிச்ச அளவு அப்படியே நின்றது. (பல போன்களில் இந்த வசதி இருக்கிறது. உங்கள் போனிலும் தொட்டுப் பாருங்கள்.)

ரசீதைத் தனியாக எடுத்தாள். ஏன்? முகத்துக்கு அளவு வைத்தால் வெள்ளைத் தாள் வெளுத்துப் போகும். எழுத்து மறைந்துவிடும். முழுதாக வெளுத்ததைப் பிறகு மீட்க முடியாது. அதனால் இந்த முறை தாளைத் தொட்டு அழுத்தினாள். திரையில் இழுத்துப் பெரிதாக்கவில்லை, போனைத்தான் பக்கத்தில் கொண்டு போனாள். இழுத்தால் புள்ளியும் பெரிதாகும்.

ரசீதில் 1996 என்று தெளிவாகத் தெரிந்தது. வீடியோவைக் குழுவிடம் கொடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. அம்மா அதே இடத்தில்தான் கீரை விற்கிறார்.

இரவில்தான் எடுக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? பல்பைப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு ஆகும். 6 அடியில் இருந்த பல்பை 3 அடிக்குக் கொண்டு வந்தாலே போதும், புள்ளி வெகுவாகக் குறையும். செலவும் இல்லை.

செய்து பாருங்கள்

1. வீட்டில் ஒருவரை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்து வீடியோ எடுங்கள். பிறகு ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்து எடுங்கள். இரண்டையும் பக்கத்து வீட்டாரிடம் காட்டுங்கள். என்ன சொல்கிறார்கள்?

2. 6 அடி தூரத்தில் இருந்த பல்பை 2 அடிக்குக் கொண்டு வந்தால் வெளிச்சம் எத்தனை மடங்கு ஆகும்? (விடை: 9 மடங்கு)