இணையக் கல்வியும் குடிமராமத்தும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

முன்னுரை

காவிரி நாட்டில் பிறந்த எவருக்கும் ஓர் உண்மை தெரியும். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் மட்டும் வயலில் தண்ணீர் வந்துவிடாது. மேட்டூர் அணை திறப்பதற்கு முன் வாய்க்கால்கள் தூர்வாரப்பட வேண்டும். மதகுகள் செப்பனிடப்பட வேண்டும். தலைமடையில் தூர் நின்றால் கடைமடையில் பயிர் காயும். கல்லணைக் கால்வாயின் கடைமடையாகிய பேராவூரணிப் பக்கம் என் ஊர். கல்வியிலும் நான் கடைமடைக்காரனே. என் வீட்டில் கல்லூரிக்குள் காலடி வைத்த முதல் ஆள் நான்; பாடத்தில் ஐயம் எழுந்தால் கேட்பதற்கு வீட்டில் ஒருவரும் இல்லை.

இன்று என் போன்றோருக்குக் கல்வி வந்து சேரும் வாய்க்கால்களுள் இணையமும் ஒன்று. அதில் கட்டணமும் கேளாமல், விளம்பரமும் காட்டாமல் சில தளங்கள் நடைபெறுகின்றன. அவை எவ்வாறு உயிர் வாழ்கின்றன? அவற்றைக் காப்பதில் நம் பங்கு என்ன? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலவசம் என்பது யாருக்கு?

படிப்பவருக்கு இலவசமாக இருப்பது, நடத்துபவருக்கும் இலவசமாக இருப்பதில்லை. தளத்தின் பெயரை ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். பக்கங்களைச் சேமித்து வைத்து, கேட்டபோது அனுப்பும் சர்வருக்கு வாடகை உண்டு. பழைய நூல்களைப் படமெடுக்கும் ஸ்கேனர், கெட்டுப்போனால் மீட்பதற்கான மறுபடி, இவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஆள் என்று செலவு நீளுகிறது. இச்செலவை ஈடுகட்டப் பெரும்பாலும் மூன்று வழிகளே உள்ளன: அரசு நிதி, விளம்பரம், கொடை.

அரசு நிதியால் நடைபெறும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தொண்டு நாம் அறிந்ததே. ஆயினும் எல்லாத் துறைக்கும் எல்லாக் காலத்திலும் அரசையே எதிர்பார்த்திருத்தல் இயலாது. எஞ்சிய இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

விளம்பரத்தின் இயல்பு

விளம்பரத் தளத்தில் விற்கப்படும் சரக்கு பாடம் அன்று, படிப்பவரின் கவனம். எத்தனை முறை பக்கம் திறக்கப்பட்டது என்பதே அங்கு வருமானம். ஆகவே ஒரு பக்கத்தில் முடிய வேண்டிய பாடம் ஐந்து பக்கமாக உடைக்கப்படுகிறது. என்ட்ரோபி பற்றிப் படிக்கத் திறந்தால் நகைக்கடை விளம்பரம் திரையை மறைத்துக்கொண்டு ஓடுகிறது. விடுதியில் ஒருவர் கைப்பேசியின் டேட்டாவை நால்வர் பகிர்ந்துகொள்ளும் எங்களுக்கு அந்த ஓட்டத்துக்கும் சேர்த்தே செலவு.

இதைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. பலர் தேடுவதற்கே விளம்பரப் பணம் கிடைக்கும். தேர்வு முடிவும் வேலைவாய்ப்புச் செய்தியும் ஆயிரம் தளங்களில் கிடைக்கின்றன. தமிழில் இயற்பியல் வேதியியலை விளக்கும் பக்கத்தையோ, சிலரே தேடும் ஒரு பழைய சிற்றிலக்கியத்தையோ எந்த விளம்பரதாரர் தாங்குவார்?

விளம்பரம் உழைப்பாளரையும் விரட்டும் என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். 2001இல் தோன்றிய விக்கிப்பீடியாவில் விளம்பரம் வரக்கூடும் என்ற பேச்சு 2002 தொடக்கத்தில் எழுந்தது. கூலியின்றி எழுதிவந்த ஸ்பானிய மொழித் தொண்டர் பலர், தங்கள் உழைப்பு பிறர் வாணிகத்துக்கு முதலாகும் என்று அஞ்சி, பிரிந்து சென்று தனிக் கலைக்களஞ்சியமே தொடங்கிவிட்டனர். 2003இல் இலாப நோக்கற்ற விக்கிமீடியா அறக்கட்டளை நிறுவப்பட்டது. இன்றுவரை விக்கிப்பீடியாவில் விளம்பரம் இல்லை.

கொடையால் நிலைத்தவை

விக்கிப்பீடியாவை நடத்தும் அறக்கட்டளைக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி வாசகரின் சிறு கொடையே. அண்மை ஆண்டுகளில் ஒரு கொடையின் சராசரி பத்திலிருந்து பதினைந்து டாலருக்குள் அமைகிறது. 2020இல் இந்திய வாசகரிடம் அது கேட்ட தொகை 150 ரூபாய். வாசகரில் நூற்றுக்கு இரண்டு பேரே கொடுக்கின்றனர் என்று அதன் வேண்டுகோள்கள் கூறுகின்றன. அந்த இருவரால் மற்ற தொண்ணூற்றெட்டுப் பேரும் படிக்கிறோம்! 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இந்த நிழலில் வளர்ந்ததே.

ஈழத் தமிழர் நடத்தும் 'நூலகம்' என்ற மின்னூலகம் இன்னொரு சான்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த இழப்பை அறிந்த மக்கள், 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேர்த்து வருகின்றனர். இன்று அங்கே ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. உள்ளூர்த் தொண்டர் உழைப்பும், கடல் கடந்து வாழும் தமிழர் அனுப்பும் பணமுமே அதன் ஆதாரம்.

1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் உழைப்பையே முதலாகக் கொண்டது. தட்டச்சு செய்பவர் ஒருவர், பிழை திருத்துபவர் ஒருவர் என ஒருவரையொருவர் நேரில் காணாதவர்கள் கூடித் தமிழ் நூல்களை ஏற்றினர். அதன் முதல் நூல் திருக்குறள். அதை முன்னின்று தொடங்கிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய ஒரு வேதியியலறிஞர் என்பது எம் துறை மாணவர்க்குப் பெருமை தரும் செய்தி.

முன்னோர் காட்டிய வழி

இது மேலைநாட்டிலிருந்து வந்த புதுமை அன்று. 1880 முதல் 1903 வரை நம் குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய உ. வே. சாமிநாதையர், 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். காகிதத்துக்கும் அச்சுக்கும் கைப்பொருள் போதாத நிலை. நூல் வெளிவரும் முன்பே அன்பர்களிடம் கையொப்பம் வாங்கிப் பொருள் திரட்டியே அப்பணியை நிறைவேற்றினார். கையொப்பமிட்டவர் சிலர், பயன் பெற்றவர் தமிழர் அனைவரும்.

குடிமராமத்தும் இத்தகையதே. நிலமுடையோர் தத்தம் பங்குக்கு ஆளோ பொருளோ தந்து வாய்க்காலைப் பேணினர். ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது. அது முழுக்க விருப்பக் கொடை அன்று. வராதவரை ஊர் கேட்கும். 1858ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அதைச் சட்டக் கடமையாகவும் ஆக்கியது. பின்னாளில் வழக்கம் தேய்ந்து, 2017இல் அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்க வேண்டியதாயிற்று.

இணையத்தில் கேட்க ஊரும் இல்லை, சட்டமும் இல்லை. ஆயினும் ஒரு நன்மை உண்டு. ஒருவர் வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் அடுத்தவருக்கு இல்லை. ஒருவர் படித்த பாடமோ குறைவதில்லை. ஆகவே எல்லோரும் கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. கொடுக்கக் கூடியவர் கொடுத்தால், கொடுக்க முடியாதவரும் குற்றவுணர்வின்றிப் படிக்கலாம்.

பலர் கொடுப்பதே பாதுகாப்பு

ஒரு பெருஞ்செல்வரே முழுத் தொகையும் கொடுத்துவிட்டால் என்ன என்று சில நண்பர்கள் கேட்கின்றனர். ஒரே மிராசுதார் தம் செலவில் வாய்க்காலை வெட்டினால் மதகுச் சாவி யார் கையில் இருக்கும்? அவர் நல்லவராக இருக்கும்வரை கவலையில்லை. அவர் மனம் மாறினாலோ, மகன் காலம் வந்தாலோ தண்ணீர் நின்றுவிடும். ஆயிரம் பேர் பத்துப் பத்து ரூபாய் கொடுத்தாலும் பத்தாயிரம். ஒருவர் கொடுத்தாலும் பத்தாயிரம். தொகை ஒன்றே. ஆனால் ஆயிரவரில் பத்துப் பேர் விலகினால் தளம் அசையாது. எந்த ஒருவரும் 'இதை எழுதாதே' என்று ஆணையிடவும் முடியாது. கல்வித் தளத்தின் சுதந்திரம் கொடையின் பெருமையில் இல்லை. கொடுப்போரின் எண்ணிக்கையில் இருக்கிறது என்பதே என் கருத்து.

கொடை பெறுவோர்க்கும் கடமை உண்டு. வரவு செலவைப் பலரறிய வெளியிட வேண்டும். விக்கிமீடியா அறக்கட்டளை தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. கணக்கு காட்டாத தளத்துக்குக் கொடுப்பது கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதாகும்.

நாம் செய்யத் தக்கவை

ஆண்டுக்கு ஒரு முறை, துறைதோறும் ஓர் உண்டியல் வைக்கலாம். ஒரு தேநீரின் விலை போதும். எந்தத் தளத்துக்கு அனுப்புவது என்பதை மாணவரே வாக்களித்து முடிவு செய்து, பற்றுச்சீட்டை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். கல்லூரிக் கட்டணத்தோடு சேர்த்து இதை வசூலிக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். கட்டாயமாக வாங்கினால் அது வரி; கொடை அன்று.

தேநீர்க் காசும் இல்லாத நாள்கள் எனக்கு உண்டு. உங்களில் பலருக்கும் உண்டு. நடவுக் கூலியில் பிள்ளையைப் படிக்க வைக்கும் தாயிடம் இதற்கும் சேர்த்துக் கேட்பது முறையாகாது. அத்தகையோர் உழைப்பைக் கொடுக்கலாம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பல தமிழ் விக்கிமூலத்தில் பக்கப் படங்களாக ஏறி, மெய்ப்புப் பார்ப்போருக்காகக் காத்திருக்கின்றன. நாளுக்கு ஒரு பக்கம் திருத்தினால் போதும். நாம் வகுப்பில் கற்ற ஒரு பாடத்தைத் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரையாக எழுதலாம். பிழை நேராதபடி அதைப் பார்த்துத் தந்து உதவுமாறு ஆசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

முடிவுரை

விளம்பரத்தால் வரும் இலவசத்தில் நாம் சரக்கு. பெருஞ்செல்வர் தரும் இலவசத்தில் நாம் இரவலர். பலர் கூடித் தரும் இலவசத்தில் மட்டுமே நாம் பங்காளிகள். ஊர் கூடினால்தான் தேர் நகரும். வேதியியல் மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் முதல் உண்டியலை வைக்கலாம் என்று முன்மொழிகிறேன். வழிமொழிய முன்வருமாறு மாணவ நண்பர்களை அழைக்கிறேன்.