காடும் குடியும்

நுழையும்முன்

மலையின் குளிர்ச்சியை நாடிக் கொடைக்கானலுக்குச் செல்வோர் பலர். அம்மலையையே தாய்வீடாகக் கொண்டு வாழ்வோரை அறிந்தவர் சிலரே. காட்டைக் காப்பதும் காட்டில் வாழும் மக்களின் வாழ்வை உயர்த்துவதும் ஒன்றுக்கொன்று முரணானவையா? இவ்வினாவுக்குப் பழனிமலையிலிருந்து விடை தேடுகிறது இப்பாடம்.

பொதினி மலை

சங்க இலக்கியம் பொதினி என்று சுட்டும் பழனிமலை, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீளும் கிளையாகும். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பேகனோடு இணைத்துப் பேசப்படும் நிலம் இது. தேனழித்தலையும் கிழங்கு அகழ்தலையும் குறிஞ்சி நிலத்தின் தொழில்களாக அகப்பொருள் இலக்கணம் வகுத்தது. பளியர் இன மக்கள் அத்தொழில்களை நம் காலம்வரை காத்து வந்துள்ளனர்.

சோலையும் நீரும்

இம்மலையின் உயர்ந்த பகுதிகளில் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பெய்யும் மழையை உள்வாங்கிச் சிறிது சிறிதாகக் கசியவிடுபவை இவையே. பொருந்தலாறு, குதிரையாறு, மஞ்சளாறு, மருதாநதி ஆகியவை இம்மலையில் பிறந்து சமவெளி வயல்களை வளப்படுத்துகின்றன. எனவே, மலையுச்சியில் ஒரு புல்வெளி அழிந்தால் அடிவாரத்து உழவரும் அதன் விளைவை உணர்வர்.

1845ஆம் ஆண்டு கொடைக்கானலில் ஐரோப்பிய, அமெரிக்கக் குடியிருப்பு தோன்றியது. பின்னர்த் தைலமரம், சீகைமரம், பைன் ஆகிய அயல்மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. வேளாண்மையும் விரிந்தது. நாற்பது ஆண்டுகளில் இம்மலையின் உயர்நிலப் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்ததைச் செயற்கைக்கோள் படங்களின் துணையோடு 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. 'வெற்று நிலம்' என்று கருதப்பட்ட இடமே நீரின் தாய்மடியாக இருந்தது.

பகிர்ந்துண்ணும் வாழ்வு

பளியரிடையே 1960களில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், அவர்களின் சமத்துவப் பண்பையும் சண்டையைத் தவிர்க்கும் இயல்பையும் விரிவாகப் பதிவுசெய்தார். பூசல் எழும்போது எதிர்த்து நிற்பதைவிட விலகிச் செல்வதையே அவர்கள் விரும்பினர். போற்றத்தக்க இப்பண்பே அவர்களுக்கு இடர்ப்பாடாகவும் அமையக்கூடும். உரத்த குரலுக்கே செவிசாய்க்கும் உலகில், விலகிச் செல்வோரின் தேவை எளிதில் மறக்கப்படுகிறது.

அவர்களின் அறிவு நூலில் எழுதப்படாதது. காட்டு வள்ளிக்கிழங்கை அகழ்வோர் கொடியோடு கூடிய தலைப்பகுதியை மண்ணில் விட்டுவைத்தால், அடுத்த மழையில் அது மீண்டும் தழைக்கும். தேனடையை முழுவதும் அழிக்காமல் எடுத்தால் தேனீக்கள் பிழைக்கும். எடுப்பதற்கு ஓர் அளவு உண்டு என்னும் இவ்வறிவையே இன்றைய உலகம் 'நீடித்த வளர்ச்சி' என்கிறது. வருங்காலத் தலைமுறையினரின் தேவைக்கு ஊறு நேராமல் இன்றைய தேவையை நிறைவுசெய்வதே அதன் பொருள் என 1987இல் பிரண்ட்லாண்ட் ஆணையம் விளக்கியது.

அறிவுக்கு உரிமை வேண்டும்

அறிவு மட்டும் இருந்தால் போதாது. அதைப் பயன்படுத்தும் உரிமையும் வேண்டும். காட்டில் தலைமுறைகளாக வாழ்ந்தும் நிலத்தின்மீது சான்று ஏதுமின்றி இருந்தோர் பலர். அவ்வநீதியைக் களைய இயற்றப்பட்டதே 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். வாழிடம், பயிர்நிலம், சிறுவன மகசூல் ஆகியவற்றின்மீது இச்சட்டம் உரிமை வழங்குகிறது. ஊர்மக்கள் தம் காட்டைத் தாமே பேணும் உரிமையையும் ஏற்கிறது. 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் காட்டுயிர்ச் சரணாலயம் போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கும் இச்சட்டம் பொருந்தும்.

உரிமை கோரும் நடைமுறை கிராம சபையிலிருந்தே தொடங்குகிறது. அக்கூட்டத்திற்கு வருவோருள் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருத்தல் வேண்டும். ஊரின் எல்லையையும் நீர்நிலையையும் காட்டுவழியையும் அறிந்தோரின் சொல் சான்றாக ஏற்கப்படுவது இதன் சிறப்பு. எனினும், தமிழ்நாட்டில் நீதிமன்ற ஆணையால் உரிமைச் சான்று வழங்கும் பணி பல்லாண்டுகள் தடைப்பட்டு, 2016இல்தான் தடை நீங்கியது.

உழைப்புக்கு விலை வேண்டும்

உயர்ந்த பாறையில் கயிற்றில் தொங்கி மலைத்தேன் எடுப்பவர், உயிரைப் பணயம் வைக்கிறார். அத்தேன் கைமாறிச் செல்லும் ஒவ்வொரு நிலையிலும் விலை ஏறுகிறது. எடுத்தவர் கையில் எஞ்சுவதோ சிறுபங்கு. வறுமை நெருக்கும்போது, முற்றாத அடையையும் எடுக்க நேரிடும். ஆகவே, நியாயமான விலையும் காட்டுக்குக் காவலாகும்.

இதற்கு அண்டை மலையான நீலகிரி வழிகாட்டுகிறது. அங்குத் தேன் முதலிய விளைபொருள்களைச் சேகரிக்கும் பழங்குடியினர், 2013இல் 'ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். அதன் பங்குதாரர்கள் பழங்குடியினரே. தாம் சேகரித்ததைப் பதப்படுத்தி விற்கவும் விலையைத் தீர்மானிப்பதில் பங்கேற்கவும் அவர்களுக்கு வழி பிறந்தது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் வழங்கும் ஈக்குவேட்டர் பரிசை 2021இல் அந்நிறுவனம் பெற்றது.

யாருடைய வளர்ச்சி?

சாலை, பள்ளி, மருத்துவமனை, குடிநீர் ஆகியவை மலைவாழ் மக்களுக்கும் உரியவை. காட்டின் பெயரால் அவற்றை மறுப்பது அறமாகாது. ஆனால் எது வேண்டும், எங்கு வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் அம்மக்களும் அமர்ந்திருக்க வேண்டும். அறிவு, உரிமை, உரிய விலை ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் குடி தழைக்கும். அக்குடி தழைக்கும் இடத்தில் காடும் நிலைக்கும்.

தெரியுமா?

பழனிமலையின் விருப்பாச்சி மலைவாழை, கொடைக்கானல் மலைப்பூண்டு, பழனிப் பஞ்சாமிர்தம் ஆகிய மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை. மலைவாழையை முடிக்கொத்து நோய் கடுமையாகத் தாக்கியதால் அதன் சாகுபடிப் பரப்பு பெரிதும் சுருங்கியது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் ஆற்றின் பிறப்பிடத்தையும் அங்கு வாழும் மக்களையும் பற்றிய செய்திகளைத் திரட்டித் தொகுப்பேடு உருவாக்குக.

2. 'காட்டைக் காப்பவர் காட்டில் வாழ்பவரே' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.