பட்டை உடையும் முன்னே

ஊரில் வில்வண்டி பார்த்திருப்பீர்கள். மாடு இழுக்கும் வண்டி அது. அதன் அடியில் இரும்பு வில் இருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது வில் அழுந்தும். பிறகு நிமிரும். உள்ளே இருப்பவர் உடம்பு அதிகம் குலுங்காது.

அதே வில்தான் இன்று டெம்போவின் பின்சக்கரங்களின் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பட்டை என்கிறோம். இந்தியில் கமானி என்பார்கள்.

தாராவியில் ஓர் ஓட்டுநர். கடன் வாங்கி ஒரு டெம்போ எடுத்தார். பழைய இரும்பு ஏற்றுவார். மாட்டுங்கா, செம்பூர் என்று நாள் முழுவதும் ஓட்டம். சில நாட்களாக வண்டி இடப்பக்கம் சாய்ந்து நின்றது. பாரம் இல்லாதபோதும் சாய்ந்தது. அவர் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

ஒரு மழை நாள். வண்டி பள்ளத்தில் இறங்கியது. 'டக்' என்று சத்தம். மெல்ல உருட்டிப் பட்டறைக்குக் கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, பட்டை உடைஞ்சிருக்கு. வெல்டிங் வச்சுக் கொடுங்க. செலவு குறையும்" என்றார்.

"வேண்டாம் தம்பி" என்றார் மிஸ்திரி. "பட்டையைக் காய்ச்சிப் பதம் போட்டுச் செய்யுறாங்க. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போயிடும். மறுபடி பக்கத்திலேயே உடையும். பாரத்தோடு ஓடும்போது உடைந்தால் உயிருக்கே ஆபத்து."

மிஸ்திரி சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார். ஜாக்கியை மட்டும் நம்பவில்லை. வண்டிக்கு உறுதியான முட்டுக் கொடுத்தார். பிறகுதான் அடியில் போனார்.

அவர் கண்டது என்ன?

பல பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மேலே உள்ளது நீளமானது. கீழே போகப் போக நீளம் குறையும். நடுவில் எல்லாவற்றையும் சேர்ப்பது சென்டர் போல்ட். பட்டைகளை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது யூ போல்ட்.

இங்கே யூ போல்ட் தளர்ந்திருந்தது. அதனால் பட்டைகள் அசைந்தன. சென்டர் போல்ட் அறுந்தது. மூன்றாம் பட்டையும் உடைந்தது. முதலிலேயே யூ போல்டை இறுக்கியிருந்தால் இவ்வளவு செலவு வந்திராது.

எல்லாப் பட்டைகளையும் மாற்றவில்லை. உடைந்த ஒன்றை மட்டும் மாற்றினார். அதே நீளம், அதே அகலம், அதே கனம். சென்டர் போல்டும் யூ போல்டும் புதிதாகப் போட்டார். தேய்ந்த புஷ்ஷையும் மாற்றினார். "சில நாள் ஓட்டிட்டு வாங்க. யூ போல்டை மறுபடி இறுக்கணும்" என்றார்.

பாரம் எவ்வளவு?

"கூட ஒரு பட்டை போடுங்க. இன்னும் அதிகம் ஏத்தலாம்" என்றார் ஓட்டுநர்.

"பட்டை தாங்கும். பிரேக்கும் டயரும் அச்சும் தாங்குமா? ஆர்.சி.யை எடுங்க தம்பி. எழுதியிருப்பதை வாசிங்க."

ஓட்டுநர் எழுத்துக் கூட்டி வாசித்தார். அதில் இரண்டு எடைகள் இருந்தன. மொத்த எடை 2,500 கிலோ. வெறும் வண்டி எடை 1,300 கிலோ. கழித்தால் 1,200 கிலோ. ஆளும் சரக்கும் சேர்ந்து அவ்வளவுதான். அவர் 2,000 கிலோ வரை ஏற்றி வந்தார்!

அதிக பாரம் ஏற்றுவது குற்றம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டது. அதன்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஓட்டுபவர் மட்டும் அல்ல, ஓட்ட வைப்பவரும் பொறுப்பு.

மறுநாள் சரக்குக்காரர் அதிகம் ஏற்றச் சொன்னார். ஓட்டுநர் ஆர்.சி.யைக் காட்டினார். "இரண்டு நடையாக எடுக்கிறேன்" என்றார்.

வாரம் ஒருமுறை பாருங்கள்

1. காலி வண்டியைச் சம தரையில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் சாய்கிறதா?
2. முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை கயிற்றால் அளவுங்கள். இரு பக்கமும் ஒரே அளவா? இல்லையென்றால் அச்சு நகர்ந்திருக்கலாம்.
3. பட்டையில் கீறல் உண்டா? யூ போல்ட் இறுக்கமாக உள்ளதா?
4. மழைக்காலத்தில் பட்டையில் ஒட்டிய சேற்றைக் கழுவுங்கள். ஈரச் சேறு துருவைக் கூட்டும்.

விடை எழுதுங்கள்

1. பட்டைக்கு ஏன் வெல்டிங் வைக்கக் கூடாது?
2. மொத்த எடை 1,550 கிலோ. வெறும் வண்டி எடை 850 கிலோ. எவ்வளவு ஏற்றலாம்?