புரண்ட டிராக்டரை உடனே ஸ்டார்ட் பண்ணாதேங்கோ



போன எபிசோடில் சர்வர் விழுந்தால் முதல் பத்து நிமிடம் என்ன செய்ய வேண்டும் என்று கதைத்தோம். ரீஸ்டார்ட் பண்ண ஓடாதே, முதலில் லொக்கை எடு என்று நான் பெரிய வாத்தியார் மாதிரி சொல்லியிருந்தேன். அதைக் கேட்ட ஒரு தங்கச்சி, "கதிரையில இருந்து சொல்லுறது சுகம் அண்ணா" என்று எழுதியிருந்தா. சரிதான். ஆகவே இந்தமுறை கதிரையே இல்லாத ஒரு பாடம்: நனைந்த புல், ஒரு சரிவு, பக்கவாட்டில் விழுந்து கிடக்கும் ஒரு டிராக்டர்.

ஒஸ்லோவிலிருந்து வடக்கே ஒரு மணித்தியாலம் ஓடினால் ஹாடெலாண்ட். அங்கே ஒரு பால்பண்ணைக்கு நான் நெட்வேர்க் பார்க்கிறேன். பால் கறக்கும் ரோபோ, தொழுவக் கமரா, மாட்டின் கழுத்துப் பட்டியில் இருக்கும் சென்சர் எல்லாம் ஒரே ஸ்விட்சில் வந்து விழும். போன ஓகஸ்ட்டில் அந்த ஸ்விட்சை மாற்றப் போன அன்றுதான் இது நடந்தது.

பண்ணைக்காரர் முன்பக்க லோடரில் ஒரு புல்லுப் பொதியைத் தூக்கிக்கொண்டு சரிவில் குறுக்காக இறங்கினார். வெள்ளைப் பிளாஸ்டிக் சுற்றிய உருண்டைப் பொதி, நோர்வேஜியர் பகிடியாக "டிராக்டர் முட்டை" என்பார்களே, அதுதான். பொதி உயரத்தில் இருந்தது. பாரம் மேலே போகப் போக டிராக்டரின் ஈர்ப்பு மையமும் மேலே போகும். கீழ்ப்பக்கப் பின்சில்லு ஒரு சின்னக் கானுக்குள் இறங்கியது, அவ்வளவுதான். நான் தொழுவ வாசலுக்கு வரும்போது டிராக்டர் வலப்பக்கமாகக் கிடந்தது. மனிதர் பெல்ட் போட்டிருந்தார். கபின் கோணியிருந்தாலும் நசியவில்லை. பின் கண்ணாடி வழியாக அவரே வெளியில் வந்தார். தோளைப் பிடித்துக்கொண்டு, "ஒண்டுமில்லை" என்றார். மகன் 113க்கு அடித்தான். அம்புலன்சில் வந்தவர்கள் அந்த "ஒண்டுமில்லை"யை ஏற்றுக்கொள்ளவில்லை, ஏற்றிக்கொண்டு போனார்கள்.

(ஒரு இடைச்செருகல். ஐரோப்பாவில் 2018 மார்ச் 31க்குப் பிறகு அனுமதி பெற்ற புது மாடல் கார்களில் ஈ-கோல் கட்டாயம். மோதினால் காரே 112க்கு அடிக்கும். அந்தச் சட்டம் கார்களுக்கும் சிறு வான்களுக்கும்தான், டிராக்டருக்கு இல்லை. ஐபோனில் இருக்கும் விபத்துக் கண்டறிதலும் பயணிகள் காரை மனதில் வைத்துச் செய்தது. வயலில் தனியாக வேலை செய்பவருக்கு இன்றைக்கும் நம்பகமான சிஸ்டம், சாப்பாட்டு நேரத்துக்கு வராவிட்டால் தேடிப்போகும் ஒரு ஆள்தான்.)

மழை இருட்டிக்கொண்டு வந்தது. மகனுக்கு 19 வயது. சும்மா நிற்க முடியாமல் சின்ன டிராக்டரைக் கொண்டுவந்து, விழுந்து கிடந்ததன் கபின் கூரையில் சங்கிலியைக் கொழுவினான். மேலே பிடித்து இழுத்தால் நெம்பு நல்லாய்க் கிடைக்கும்தானே என்று எனக்கும் சரியாகவே பட்டது. சங்கிலியின் மறு முனையைப் பிடித்துக் கொடுத்ததே நான்தான்.

அப்போது வயலுக்குக் குறுக்கே பக்கத்து வீட்டுக்காரர் நடந்து வந்தார். எழுபது தாண்டிய, ஓய்வு பெற்ற மெக்கானிக். ஓடவில்லை, நடந்துதான் வந்தார். ஒரே ஒரு சொல் சொன்னார்: "வென்ட்." பொறு.

அன்று பின்னேரம் முழுக்க அவர் பேசியது மொத்தம் ஒரு பக்கம் வராது. அதில்தான் இந்தப் பாடம் இருக்கிறது.

முதலில் ஒன்றையும் தொடாமல் சுற்றிப் பார்க்கச் சொன்னார். இன்னும் உருளுமா? சரிவின் கீழ்ப்பக்கத்தில் ஆரும் நிற்கிறார்களா? எஞ்சின் நின்றுவிட்டதா, சாவி எடுத்தாச்சா? பக்கவாட்டில் கிடக்கும் டீசல் எஞ்சின் தன் ஒயிலையே உறிஞ்சி எரித்துக்கொண்டு ஓடக்கூடியது. அந்த நேரத்தில் டீசலை நிறுத்தினாலும் அது நிற்காது. பற்றரியில் இருந்து அமிலம் கசியலாம், ஆகவே கையுறை போட்டுத்தான் கழற்ற வேண்டும், நெகட்டிவ்வை முதலில். பொசிட்டிவ்வை முதலில் கழற்றும்போது சாவி உடலில் முட்டினால் நெருப்புப் பொறிதான். டீசல் தாங்கி மூடியில் இருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. தொழுவத்தில் இருந்த மரத்தூளைக் கொண்டுவந்து கொட்டினோம். ஓடைக்குப் போகும் அளவு என்றால் நோர்வேயில் 110க்குச் சொல்ல வேண்டும்.

லோடர் கைக்குக் கீழே தலையை விடாதே என்றார். அதைத் தாங்கி நிற்பது அழுத்தத்தில் இருக்கும் ஹைட்ரோலிக் ஒயில். ஊசிமுனை ஓட்டையில் இருந்து பாயும் ஒயில் தோலுக்குள்ளேயே புகுந்துவிடும். வெளியில் நுளம்பு கடித்த அளவு காயம், உள்ளே உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம்.

பிறகு என்னைப் பார்த்து, "உன்னட்ட நல்ல போன் இருக்கும், எல்லாப் பக்கமும் படம் எடு" என்றார். சில்லின் தடம், கான், சரிவு, ஒயில் ஒழுகின இடம். காப்புறுதிக்கு மட்டுமல்ல, நாளைக்கு எந்தப் பாகத்தைக் கழற்றிப் பார்ப்பது என்பதை அந்தப் படங்கள்தான் சொல்லும். எந்தப் பக்கமாக, எவ்வளவு நேரம் கிடந்தது என்பதில் இருந்தே ஒயில் எங்கே போயிருக்கும் என்று ஊகிக்கலாம். லொக் எடுப்பது பற்றி மைக்கில் முழங்கிய நான், அன்று அவர் சொல்லும் வரை ஒரு படமும் எடுக்கவில்லை.

இனி சங்கிலி. கபின் கூரை ஏன் கூடாது? அந்தச் சட்டகம் ஆளைக் காப்பாற்ற ஏற்கெனவே வளைந்துவிட்டது. அதில் எவ்வளவு பலம் மிச்சம் என்று ஆருக்கும் தெரியாது. பிய்ந்தால் சங்கிலி திரும்பி வருவது எங்கள் முகத்துக்கு. பிடி அச்சிலோ அடி உடலிலோ இருக்க வேண்டும். இழுக்கிற டிராக்டரில் கொழுவும் இடம் அதைவிட முக்கியம்: பின்னால் தாழ்வாக இருக்கிற இழுவைச் சட்டத்தில் மட்டும். பின் அச்சுக்கு மேலே எங்கே கொழுவினாலும், சில்லு நிலத்தைக் கவ்விப் பிடித்திருக்க, எஞ்சினின் பலம் டிராக்டரின் உடலையே அச்சைச் சுற்றிப் பின்னால் திருப்பும். முன்சில்லு எழும்பத் தொடங்கி ஏறக்குறைய முக்கால் வினாடியில் திரும்பி வர முடியாத புள்ளி வந்துவிடும். ஒன்றரை வினாடியில் முழுதாகக் கவிழ்ந்துவிடும். கிளச்சை மிதிக்க வேண்டும் என்று மூளை நினைத்து முடிக்கவே முக்கால் வினாடி போய்விடும். அன்று அந்தப் பொடியன் சங்கிலியை எங்கே கொழுவியிருந்தான் என்று திரும்பிப் பார்த்தேன். இருக்கைக்குப் பின்னால், சட்டகத்தில். அந்தச் சின்ன டிராக்டரில் கபின் கிடையாது, பாதுகாப்பு வளையம் மடித்துக் கீழே விட்டிருந்தது. இரண்டாவது விபத்துக்கு எல்லாம் தயாராக இருந்தது, நானும் ஒரு கை கொடுத்திருந்தேன்.

கடைசியில் வின்ச் பூட்டிய மீட்பு லொறி வந்துதான் நிமிர்த்தியது. ஒரு வயர் இழுக்க, எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று பிடித்துக்கொண்டிருந்தது. நிமிரும் டிராக்டர் சமநிலையைத் தாண்டினதும் இழுபடாது, விழும். பிடிக்க ஒன்று இல்லாவிட்டால் மற்றப் பக்கம் புரளும். வயரின் நீளத்துக்குள் ஒருவரும் நிற்கவில்லை.

நிமிர்ந்ததும் பார்க்க ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. மகன் சாவியைக் கேட்டான். பெரியவர் அதைத் தன் பொக்கற்றில் போட்டுக்கொண்டார்.

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் இதில் கணக்கு இருக்கிறது. அப்பா ஊரில் ஓட்டின மெஸி பெர்குசன் 135ஐ எடுப்போம். அதன் மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் மொத்தம் 2.5 லீட்டர். ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 830 மில்லிலீட்டர். அமுக்க விகிதம் 17க்கு 1 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 830ஐ 16ஆல் வகுத்தது, அதாவது 52 மில்லிலீட்டர். மூன்றரை மேசைக்கரண்டி. காற்று அந்த இடத்துக்குள் அமுங்கும், ஒயில் அமுங்காது. பக்கவாட்டில் கிடந்த நேரத்தில் நாலு கரண்டி ஒயில் சிலிண்டருக்குள் வடிந்திருந்து, நீங்கள் ஸ்டார்டரை அடித்தால், பிஸ்டனுக்குப் போக இடமில்லை. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளையும். மோசமானால் எஞ்சின் பக்கத்தைப் பிளந்துகொண்டு வெளியில் வரும். பழைய மெசின்களில் காற்று வடிகட்டியின் அடியிலேயே ஒரு கிண்ணம் ஒயில் இருக்கும். புரண்டால் அது நேரே எஞ்சினின் மூச்சுக்குழாய்க்குள்தான் போகும்.

ஆகவே ஒரு இரவு விட்டார்கள், ஒயில் கீழே இறங்கட்டும் என்று. அடுத்த நாள் இன்ஜெக்டர்களைக் கழற்றி, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றினார்கள். ஒரு ஓட்டையால் கறுப்பாக ஒயில் துப்பியது. மகன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான், ஒன்றும் சொல்லவில்லை. காற்று வடிகட்டி ஊறிப்போயிருந்தது, மாற்றினார்கள். எஞ்சின், கியர்பொக்ஸ், ஹைட்ரோலிக், கூலன்ட் என்று ஒவ்வொன்றாக அளவு பார்த்து நிரப்பினார்கள். டீசல் குழாயில் எயார் எடுத்தார்கள்.

நான் லப்டொப்போடு நின்றேன். பிழைக் குறியீடுகளை அழிக்காமல் முதலில் சேமித்தேன், அந்த அளவுக்குப் பயன்பட்டேன். ஆனால் சிலிண்டருக்குள் ஒயில் இருக்கிறது என்று ஒரு குறியீடும் சொல்லவில்லை. அதை அளக்க அங்கே சென்சர் இல்லை. பச்சை டாஷ்போர்ட்டை நம்பிப் படுக்கப் போகிற எங்கள் ஆட்களுக்கு இது புதுக் கதை இல்லை.

இன்னொன்று: பெரும்பாலான டிராக்டர்களுக்குக் கார் மாதிரித் தனிச் சட்டகம் கிடையாது. எஞ்சின், கிளச் உறை, கியர்பொக்ஸ் என்ற வார்ப்பிரும்புத் துண்டுகளை போல்ட் போட்டு இணைத்ததுதான் அதன் முதுகெலும்பு. அடி விழுந்தால் அந்த இணைப்புகளில் மயிரளவு வெடிப்பு வரலாம். கழுவித் துடைத்து, டோர்ச் அடித்து, ஒயில் கசியும் கோடு இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஸ்டீயரிங் தண்டுகள், முன் அச்சு, றிம், சில்லு நட்டுகளும் அப்படியே.

கபின் போய்விட்டது. திருத்தலாமே, சூடாக்கி நிமிர்த்தி வெல்ட் பண்ணலாமே என்று கேட்டேன். பெரியவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வெல்டபொய்ல என்று நோர்வேஜியனில் சொல்கிற பாதுகாப்பு வளையமும் சரி, கபின் சட்டகமும் சரி, ஒருமுறை வளைந்து அடியை உள்வாங்கத்தான் செய்தது. வளைந்த இரும்பு தன் வேலையை முடித்துவிட்டது. மாற்றத்தான் வேண்டும், நிமிர்த்தவோ துளைக்கவோ ஒட்டவோ கூடாது. பெல்ட்டிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வளையம் நிமிர்ந்து நின்றால் பெல்ட் கட்டாயம், அது உங்களை வளையத்தின் காவலுக்குள் வைத்திருக்கும். வளையமே இல்லாத பழைய டிராக்டரில் பெல்ட் கட்டினால், நசியும் இடத்தில் உங்களைக் கட்டி வைத்த மாதிரி.

சுவீடன் 1959இலேயே புது டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகு அங்கே டிராக்டர் புரண்டு சாகிறவர்கள் மிகவும் குறைந்துபோனார்கள். அந்த வருடத்தைப் படித்தபோது எனக்குப் பெரியப்பாவின் ஞாபகம்தான் வந்தது.

பெரியப்பா நான் பிறக்க முதலே வன்னியில் ஒரு குளக்கட்டில் உழவு இயந்திரம் புரண்டு இறந்தவர். வீட்டில் படம் இருக்கிறது, மாலை போட்டு. அப்பா அதை எப்பவும் ஒரு சொல்லில் முடித்துவிடுவார்: விதி. ஹாடெலாண்டில் இருந்து வந்த இரவு அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன், அந்த முக்கால் வினாடியையும் 1959ஐயும் சேர்த்து. கன நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அந்த வளையம் 135க்கும் பூட்டலாமோ?"

ஏனென்றால் பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணா, இன்றைக்கும் அதே கட்டில் ஒரு 135 ஓட்டுகிறார். வளையம் இல்லாமல்.

வட்ஸ்அப்பில் எடுத்தேன். "அதுக்கென்ன தம்பி, இரும்புக் குழாயை வளைச்சு மட்கார்டில ஒட்டிவிடலாம்" என்றார். இல்லை அண்ணா, ஒட்டக்கூடாது, அது பின் அச்சு உறையில் போல்ட்டில்தான் பூட்ட வேண்டும், அழுத்திச் சோதித்த வளையமாக இருக்க வேண்டும், சும்மா குழாய் வெல்டிலேயே முறியும் என்று அரை மணித்தியாலம் கதைத்தேன். "உங்க இருந்து சொல்லுறது சுகம்" என்றார் அவரும்.

அச்சு உறையின் போல்ட் ஓட்டைகளை அளந்து படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நேற்று இரண்டு படம் வந்தது. ஒன்றில் அளவுகோல் தலைகீழாக இருக்கிறது.