வெட்டப்படாத கண்ணீர்

மேடையில் பாடுவதுபோல் எடுக்கப்படும் இசைக்காணொளிகளை நாம் நிறையப் பார்த்திருப்போம். பாடகர், கித்தார் வாசிக்கும் விரல்கள், டிரம்ஸ், ஆர்ப்பரிக்கும் கூட்டம் எனக் காட்சிகள் தாளத்திற்கேற்ப நொடிக்கு நொடி மாறும். பாட்டின் வேகமே கூடியதுபோல் தோன்றும். உண்மையில் கூடியது காட்சி மாற்றங்களின் எண்ணிக்கைதான்!

அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓகானரின் ‘நத்திங் கம்பேர்ஸ் டு யூ’ (1990) இதற்கு நேர்மாறானது. ஜான் மேபரி இயக்கிய இக்காணொளியில் பின்னணியும் கறுப்பு, உடையும் கறுப்பு. பெரும்பாலான நேரம் திரையை நிறைப்பது அவருடைய முகம் மட்டுமே. கேமரா அதைவிட்டு நகர்வதில்லை. இடையிடையே அவர் பாரிஸ் பூங்கா ஒன்றில் தனியே நடந்து செல்கிறார். நம் கண்களுக்குச் சற்று ஓய்வு கிடைக்கிறது. பிறகு, மீண்டும் அதே முகம்.

பாடலின் பிற்பகுதியில் அவர் கன்னங்களில் கண்ணீர் வழிகிறது. அது நடிப்பன்று. மறைந்த தாயின் நினைவு வந்து அழுதுவிட்டதாக அவரே பின்னர்க் கூறினார். படத்தொகுப்பின்போது அப்பகுதியை வெட்டிவிட்டு, பூங்காக் காட்சியைச் சேர்த்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கேமராவைத் தொலைவில் வைத்திருந்தாலோ, அந்தக் கண்ணீர்த் துளி நம் கண்ணில் பட்டே இருக்காது.