எங்கள் தெருவில் வேண்டாம்!

கேள்வி: பொதுநலத் திட்டம் என்றாலும், வீட்டருகே வந்தால் மக்கள் கொடி பிடிக்கிறார்களே, இது சுயநலம்தானே? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: சில சமயம் சுயநலம்தான். செல்போன் கோபுரம் வேண்டாம், ஆனால் சிக்னல் மட்டும் நான்கு கோடு காட்டவேண்டும் என்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் வடசென்னையின் கொடுங்கையூரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சென்னைக் குப்பையில் பெரும் பங்கு பல பத்தாண்டுகளாக அங்கே மலையாகக் குவிந்தது. தீப்பிடித்தால் புகை வீட்டுக்குள். மாடியில் உலர்த்திய துணியில் கரித்துகள். அருகிலேயே மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, சற்றுத் தள்ளி எண்ணூர் அனல்மின் நிலையங்கள். இத்தனைக்கும் மேல் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையும் வரும் என்றதும், 2025-இல் அப்பகுதி மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக்கழிவு; சரியாக எரியாது. பிளாஸ்டிக் கலந்து அரைகுறையாக எரிந்தால் டயாக்சின் போன்ற நச்சு வரும். தரம் பிரித்து உரமாக்குங்கள் என்கிறார்கள். நியாயம்தானே?

இன்னொரு எரிச்சல், இப்படிப்பட்ட திட்டங்களுக்கு மக்களிடம் கருத்துக் கேட்கும் விதம். இடத்தை முடிவு செய்து, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் வரைவு அறிக்கையும் தயாரான பிறகே கருத்துக்கேட்புக் கூட்டம். அந்த மதிப்பீட்டுக்கான மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி தமிழில் கட்டாயம் தரவேண்டியது சுருக்கம் மட்டும். புகைபோக்கி உயரம், காற்றின் திசை எல்லாம் ஆங்கிலப் பக்கங்களுக்குள் கிடக்கும். படித்துப் பார்த்துக் கேள்வி கேட்க 30 நாள் அவகாசம்!